பார்தெல் பட்டியல் தொலைபேசிக்கு வந்த கதை

பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று டாக்டர் பார்ப்பது ஒரு விதம். கையைத் தூக்கச் சொல்வார், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். வீட்டாரின் கணக்கு வேறு. தானாகச் சாப்பிடுகிறாரா, கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, ஒரு மணி நேரம் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமா? இந்த வீட்டுக் கணக்கை மருத்துவமும் ஏற்றுக்கொண்ட பிறகுதான், நோயாளியைத் தொலைபேசியிலேயே மதிப்பிடும் வழி பிறந்தது. கையின் பலத்தை ஃபோனில் சோதிக்க முடியாது. நேற்று யார் குளிப்பாட்டிவிட்டார்கள் என்று கேட்க முடியும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில், நாள்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்கும் மருத்துவமனைகளில் 1955 முதலே ஒரு பட்டியல் புழங்கி வந்தது. டொரதியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்டின் பெயரைத் தாங்கிய பட்டியல் அது. 1965-இல் அவரும் டாக்டர் ஃப்ளாரன்ஸ் மஹோனியும் சேர்ந்து அம்மாநில மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். சாப்பாடு, குளியல், உடை, மாடிப்படி, சிறுநீர், மலம் முதலிய பத்து காரியங்கள். மொத்தம் 100 மதிப்பெண். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, நடைக்கு 15, குளியலுக்கு வெறும் 5. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம், எவ்வளவு உடலுழைப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்தே இந்த எடை போடப்பட்டது. நோயாளியைத் தூக்கி உட்காரவைத்து இடுப்பு நொந்தவர்களின் அனுபவம் அந்த எண்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பட்டியல் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

பார்தெல் பட்டியல் அச்சாவதற்கு முன்பே, 1957-இல், ஸ்காட்லாந்தின் ஜான் ரேங்கின் பக்கவாத நோயாளியின் இயலாமையை அளக்க ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோலை எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் எந்தக் குறையும் இல்லாதவருக்கு 0, இறந்தவருக்கு 6 என்று இரு முனைகளையும் சேர்த்தார்கள்.

ஃபோன் வந்து சேர்ந்தது 1980-களில். டேவிட் ஷினாரும் கூட்டாளிகளும் பார்தெல் கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டு, அந்தப் பதில்களை நேரில் செய்யவைத்துப் பார்த்த மதிப்பெண்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் மிக நெருங்கி வந்தன. 1987-இல் அது அச்சேறியது. மறு ஆண்டே பிரிட்டனில் கோலின், வேட் முதலியோர் பார்தெல் பட்டியலை 20 மதிப்பெண்ணுக்குச் சுருக்கி, ஒரு விதியையும் அழுத்தமாக எழுதிவைத்தார்கள்: நோயாளி என்ன செய்ய முடியும் என்பதைக் குறிக்காதே, என்ன செய்கிறார் என்பதைக் குறி.

தொலைபேசி மதிப்பீட்டின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது. நர்ஸ் ஃபோன் செய்து, “அப்பா தானா சட்டை போட்டுக்குறாரா?” என்று கேட்கிறார். “போட்டுக்குவாரும்மா” என்கிறார் மகள். அதோடு விட்டால் முழு மதிப்பெண் விழுந்துவிடும். “இன்னிக்குக் காலைல யாரும்மா போட்டுவிட்டது?” “நான்தான். பட்டன் போட அவருக்கு ரொம்ப நேரமாகுது, நான் வேலைக்குக் கிளம்பணும்ல?” இப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரே ஃபோனில் மதிப்பிடத் தெரிந்தவர்.

பெரிய அளவில் இதன் பயனைக் காட்டியது எடின்பரோவிலிருந்து நடத்தப்பட்ட சர்வதேசப் பக்கவாத ஆய்வு. 36 நாடுகள், 467 மருத்துவமனைகள், 19,435 நோயாளிகள். ஆறு மாதம் கழித்து அத்தனை பேரையும் மருத்துவமனைக்கு வரவழைப்பது நடக்கிற காரியமா? தபாலிலும் தொலைபேசியிலும் விசாரித்தார்கள். கேள்விகளின் சாரமும் எளிமையானதுதான்: கடந்த இரு வாரங்களில் அன்றாட வேலைக்கு அடுத்தவர் உதவி தேவைப்பட்டதா? முழுக்கக் குணமாகிவிட்டதாக நினைக்கிறீர்களா? 1997-இல் முடிவுகள் வெளியானபோது ஏறத்தாழ 99 சதவீதம் பேரின் நிலை தெரிந்திருந்தது.

ரேங்கின் அளவுகோல் அவ்வளவு லேசில் ஃபோனுக்கு வளையவில்லை. கேட்பவரின் தீர்ப்பை நம்பியிருந்ததால், ஒரே நோயாளிக்கு ஒருவர் 2 போட்டால் இன்னொருவர் 3 போட்டார். 2 என்றால் பழைய வேலைகள் எல்லாம் முடியாவிட்டாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் நடக்கிறார், ஆனால் கொஞ்சம் ஆள் உதவி வேண்டும். இதைத் தெளிவாக்கத்தான் 2002-இல் லிண்ட்சே வில்சன் குழு வரிசைப்படுத்திய கேள்விகளைத் தந்தது. 2010-இல் ஆஸ்கியல் புரூனோவும் கூட்டாளிகளும் அதை ஆம், இல்லை என்று பதில் சொல்லும் சில கேள்விகளாகச் சுருக்கினார்கள். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பேச்சை இழந்தவரிடம் மட்டும் இதில் எதுவும் நேரடியாக எடுபடாது. அவருக்காக மனைவியோ மகனோ பேசுகிறார்கள். வீட்டார் பெரும்பாலும் நோயாளியே சொல்வதைவிடக் குறையைக் கூட்டித்தான் சொல்வார்கள். ஆகவே மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், பதில் சொன்னது யார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை கூப்பிடும்போது அதே ஆளிடம் கேட்டால்தான் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட முடியும்.