நீல நாற்காலியும் நிழற்படமும்: ஒரு படநூலை மறுபடி வாசித்தல்

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பீட்டர்ஸ் சேர்' (1967) என்ற படநூலை, தம்பி தங்கையின் வரவுக்கு மூத்த குழந்தையைப் பக்குவப்படுத்தும் நூல்களின் வரிசையில் வைத்தே பேசிவந்திருக்கிறார்கள். குழந்தை பொறாமைப்படுகிறது, கோபித்துக்கொள்கிறது, பெற்றோரின் அன்பு குறையவில்லை என்று தெளிந்து இளையதை ஏற்றுக்கொள்கிறது என்பது அந்த வாசிப்பின் வாய்பாடு. இந்நூல் அதற்குள் அடங்காது என்று கருதுகிறேன். இங்கே யாரும் பாப்பாவை எதிர்பார்த்திருக்கவில்லை; கதை தொடங்கும்போதே பீட்டரின் தங்கை சூசி வீட்டில் இருக்கிறாள். பீட்டர் அடுக்கிய கட்டைக் கோபுரம் சரிந்து விழ, சத்தம் போடாமல் விளையாடும்படி அம்மா சொல்வது அவள் பொருட்டுத்தான். அதற்குப் பிறகு கதையில் அவளுக்கு வேலையே இல்லை. பீட்டர் அவளை முறைப்பதுமில்லை, கொஞ்சுவதுமில்லை. பொறாமைக் கதை என்றால் பொறாமைக்கு உரியவள் இவ்வளவு ஒதுங்கி நிற்பாளா?

பீட்டரின் வழக்கெல்லாம் பொருள்களைப் பற்றியது. அவனுடைய தொட்டில், உணவூட்டும் உயர நாற்காலி, சிறுகட்டில் மூன்றுக்கும் இளஞ்சிவப்பு வண்ணம் ஏறிவிட்டது அல்லது ஏறிக்கொண்டிருக்கிறது. வண்ணம் படாமல் மிஞ்சியது நீல நிறச் சிறு நாற்காலி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு, நாய் வில்லியுடன் வீட்டை விட்டு ஓடிப்போகிறான். ஓடிய தூரம் வாசல்வரைதான். அவன் எடுத்துச்செல்லும் மூட்டையை முந்தைய வாசிப்புகள் வேடிக்கைப் பட்டியலாகவே கடந்துவிட்டன. தின்பண்டம், நாய் பிஸ்கட், பொம்மை முதலை எல்லாம் எந்தக் குழந்தையும் எடுத்துச்செல்லக் கூடியவை. ஆனால் தான் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தையும் அவன் எடுத்துச்செல்கிறான். வெளியே எல்லாவற்றையும் அழகாக அடுக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான்; இடம் போதவில்லை, அவன் வளர்ந்துவிட்டான். நாற்காலிக்கு உரியவன் அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை. அதைச் சுமந்துவந்தவன் வேறு ஒருவன். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்துவதற்காகவே கீட்ஸ் அந்தப் படத்தை மூட்டையில் வைத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படத்தை நீக்கிவிட்டால் இந்தக் காட்சி வெறும் அளவுப் பிழையாகச் சுருங்கிவிடுகிறது. பீட்டர் இழந்தது தங்கையிடம் அல்ல, காலத்திடம். அதை அவனுக்குச் சொன்னதும் பெரியவர்கள் அல்ல, அவன் உடம்பு. ரஸல் ஹோபனின் 'எ பேபி சிஸ்டர் ஃபார் ஃபிரான்சிஸ்' (1964) நூலில் சாப்பாட்டு மேசைக்கடியில் 'ஓடிப்போன' பிள்ளையின் காதில் விழும்படி, அவள் இல்லாத வீடு வீடாகவே இல்லை என்று பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். அங்கே ஆறுதல் பெற்றோரின் பேச்சில் வருகிறது. இங்கே பேச்சுக்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குச் சிறப்பாக ஏதோ இருக்கிறது என்று அம்மா அழைப்பதால்தானே அவன் திரும்புகிறான் என்று கேட்கலாம். அந்த அழைப்பைக் காதில் வாங்காததுபோல் பாவனை செய்பவனும் அவனே. அடுத்து அவன் செய்வது சரணாகதி அல்ல, தந்திரம்: திரைச்சீலைக்கு அடியில் காலணிகள் தெரியும்படி வைத்துவிட்டு வேறிடத்தில் ஒளிந்துகொள்கிறான், அம்மா ஏமாந்துபோகிறாள். பெரியவர்களை ஏய்க்கத் தெரிந்தவன் சிறுபிள்ளை நாற்காலிக்காக இனி அழப்போவதில்லை. 'விசில் ஃபார் வில்லி' (1964) நூலில் இதே பீட்டர் பெரியவனாகத் தோன்ற அப்பாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டான். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இந்நூலில் அவனுக்குத் தொப்பி தேவைப்படவில்லை. பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு என்பது பழைய வழக்கத்தின் எச்சம் என்ற குறை நியாயமானதே. ஆனால் இந்த வாதத்தை அது தொடவில்லை. ஆசிரியரின் வாழ்க்கையில் திறவுகோல் தேடுவோருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது: கீட்ஸ் வீட்டின் மூன்றாவது, கடைசிப் பிள்ளை.

இறுதியில் பீட்டர் பெரியவர்களின் நாற்காலியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிறிய நாற்காலிக்கும் சூசிக்காக இளஞ்சிவப்பு அடிக்கலாம் என்கிறான். நூல் முழுவதிலும் தங்கையின் பெயர் அவன் வாயில் வருவது அங்கே மட்டும்தான்.