இப்னு பதூதாவை மலையேற்றியவர்கள்



ஓகஸ்ட் விடுமுறை வந்தால் போதும், பாவாதமலைக்கு வேன் பேசுகிற கதை ஊரில் தொடங்கிவிடும். கூடவே "இப்னு பதூதா ஏறிய மலை" என்று ஒரு படமும் குழுக்களில் சுற்றும். பகிர்பவர்களில் எத்தனை பேர் அவருடைய பயண நூலில் அந்தச் சில பக்கங்களை வாசித்திருப்பார்கள்? வாசித்தால் ஒன்று விளங்கும். அந்த மலையில் அனுபவசாலி அவரல்ல.

ஆண்டு 1344. அவருக்கு 40 வயது. 1325இல் மொரோக்கோவிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டவர், 19 வருடங்களாக ஊர் திரும்பவில்லை. டில்லியிலும் மாலைதீவிலும் காழியாக இருந்து முடித்தாயிற்று. மாலைதீவிலிருந்து மஃபருக்கு, அதாவது நமக்கு எதிரேயுள்ள தமிழகக் கரைக்குப் போக ஓகஸ்ட் கடைசியில் கப்பல் ஏறினார். காற்று அந்தக் கப்பலை நம் கரைக்குத் தள்ளியது. ஒதுங்கிய இடம் புத்தளம். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி. அவர் கடற்கொள்ளைக்காரர் என்று மாலுமிகள் நடுங்கினார்கள். இவர் இறங்கிப் போய்ப் பார்த்தால், அரசருக்குப் பாரசீக மொழி விளங்குகிறது! நாடுகளின் கதைகளைக் கேட்டு மகிழ்ந்தார். உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது இவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

அரசர் கொடுத்த ஆட்களை எண்ணிப் பாருங்கள். 4 யோகிகள், 3 பிராமணர்கள், அரசரின் பரிவாரத்தில் 10 பேர், உணவு சுமக்க 15 பேர். மொத்தம் 32. பல்லக்கும் அதைத் தூக்கும் அடிமைகளும் வேறு. அந்த யோகிகள் வருடா வருடம் பாதத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள். பாதி உலகம் சுற்றியவர், இந்த வழியில் அவர்கள் பின்னால்தான் நடந்தார்.

வழி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே ஒரு கதை எழுதியிருக்கிறார். 10ஆம் நூற்றாண்டில் ஷீராஸ் நகரின் ஷெய்க் அபூ அப்தில்லாஹ் இப்னு கஃபீஃப் 30 ஃபகீர்களோடு இந்த மலைக்கு வந்தாராம். காட்டில் வழி தவறியது, பசி. யானைக் குட்டி ஒன்றைப் பிடித்துத் தின்போம் என்றார்கள். ஷெய்க் தடுத்தார். கேட்கவில்லை. அன்றிரவு யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்க்கை மட்டும் முதுகில் ஏற்றி ஊரில் கொண்டுபோய் விட்டன. இது சரித்திரமா சேர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கரைமத்தைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வழிகாட்டியின் பேச்சைக் கேளாத கூட்டத்தைப் பற்றி அந்தக் கால வழிப்போக்கர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. முன்பு முஸ்லிம்களைத் தடுத்த இவ்வூர் மக்கள் அதன் பிறகு வீட்டுக்குள் அழைத்து உணவு கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். அவர்களை "காபிர்கள்" என்றுதான் குறிப்பிடுகிறார். அவர் உண்ட உணவைச் சுமந்ததும் அவர்கள்தான்.

இன்னொரு செய்தியை நம்மவர்கள் பகிர்வதே இல்லை. குனக்கார் என்ற தலைநகருக்கு (குருநாகல் என்பார் பலர்) வெளியே ஷெய்க் உஸ்மான் என்ற ஷீராஸ்காரரின் பள்ளி இருந்தது. பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். மாடு அறுத்ததற்காக அவருடைய கையும் காலும் வெட்டப்பட்டன. ஆனால் அவர்மீதிருந்த மரியாதையால் உயிரை விட்டுவைத்து, ஒரு கடைத்தெருவின் வருமானத்தையும் கொடுத்தார்கள். பிறகு அவருடைய பிள்ளைகள் வழிகாட்டினார்கள். அன்றைய உறவு இப்படித்தான் இருந்தது, தேனும் கசப்பும் கலந்து.

நாட்களைக் கூட்டிப் பார்த்தால் அவர் ஏறியது செப்டம்பர் வாக்கில். இன்றைய யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. ஈரக் காலத்தில் ஏறியவருக்கு அட்டைகளைப் பற்றி எழுத நிறைய இருந்தது. ஊர்க்காரர்கள் தேசிக்காயைக் கையோடு கொண்டு போவார்கள். அட்டை கடித்தால் அதன்மேல் பிழிவார்கள். 2243 மீற்றர் மலைக்கு ஓகஸ்டில் செருப்போடு கிளம்புகிற தம்பிமாரே, 680 வருடத்துக்கு முந்திய அறிவுரை இது.

வழி இரண்டு: பாவா வழி, மாமா வழி. மாமா என்றால் ஹவ்வா (அலை). மாமா வழி இலேசு. ஆனால் அதால் ஏறினால் ஸியாரத்தாகவே கணக்கில்லை. பாவா வழியில் கல்லில் படி வெட்டி, இரும்புக் கம்பி அறைந்து, 10 சங்கிலிகள் கட்டியிருந்தார்கள். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கே நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாச் சொல்வாராம். தான் சொன்னாரா இல்லையா என்று இப்னு பதூதா எழுதவில்லை. சொல்லியிருப்பார்.

மேலே ஹிழ்ர் (அலை) பெயரிலான குகையில் சாமான்களை வைத்துவிட்டு, 3 நாள் காலையும் மாலையும் உச்சிக்குப் போய் வந்தார்கள். பாதத்தின் நீளம் 11 சாண். பாறையில் மற்ற யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் காணிக்கை வைக்கும் 9 குழிகள். தர்வேஷ்கள் அவற்றை எடுக்க ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓடுவார்களாம். இவர்கள் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும்தான் இருந்தன. அதை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு, மாமா வழியால் இறங்கினார்கள்.