நெல்லும் கழஞ்சும்: ஆசிரியர் ஊதியத்துக்கு ஒரு பழங்கணக்கு

நான் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியன் அல்லன். அகமதாபாத்தில் நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் தமிழ்ச் சமணன். கல்லாவில் உட்கார்ந்தபடியே கல்வெட்டுத் தொகுதிகளைப் படித்துப் பழகியவன். வியாபாரியின் கண் முதலில் கணக்கில்தான் போய் நிற்கும். அப்படி நின்ற ஒரு கணக்கை இங்கே சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். குன்றிலே எங்கள் சமண முனிவர்களின் கற்படுக்கைகள். ஊருக்குள்ளே பெருமாள் கோயில். அக்கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு, அங்கு நடந்த ஒரு கல்லூரியின் செலவைச் சொல்கிறது. மாணவர் 340 பேர்: இளையோர் 270, மேல்படிப்பினர் 70. ஆசிரியர் 14 பேர். ஆளுக்கு ஏறத்தாழ 24 மாணவர் என்றாகிறது. செலவுக்கு விட்ட நிலம் 45 வேலி.

ஊதியம்தான் விசேஷம். ஆசிரியர்களுக்கு அன்றாடம் நெல் அளந்தார்கள், அது வயிற்றுப்பாட்டுக்கு. அதற்கு மேல், வியாகரணம் விளக்குபவருக்கு அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு பொன். எட்டு அத்தியாயத்துக்கு எட்டுக் கழஞ்சு. மீமாம்சைக்கு 12 அத்தியாயம், 12 கழஞ்சு. பாட அளவுக்குக் கூலி என்பது அன்றைக்கும் உண்டு. ஆனால் அது நெல்லுக்கு மேலே கொடுத்தது. நெல்லுக்குப் பதிலாக அல்ல. அந்தப் பள்ளி வேதம் ஓதுவோருக்கே அமைந்தது, எல்லாருக்கும் கதவு திறக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கணக்கு மட்டும் நேர்மையான கணக்கு.

என் மருமகள் இங்கே ஒரு கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளர். மணிக்கு இவ்வளவு என்று பேச்சு. பாடம் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் அந்த மணியில் சேராது. கோடை விடுமுறையில் காசே வராது. எண்ணாயிரம் கதையைச் சொன்னேன். "கழஞ்சு கொஞ்சம் வருது மாமா, நெல்லைத்தான் காணோம்" என்றாள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வகுத்தது. அதுவும் கழஞ்சுக் கணக்குதான். நம் குஜராத்தின் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 பெற்றார்கள். அதே வேலைக்கு நிரந்தரமானவர் பெற்றது 1,36,000-க்கு மேல். உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைக் கொடுக்கும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேடையில் குருவைப் பிரம்மா, விஷ்ணு என்று துதித்தால் போதாது, நடத்தும் விதத்திலும் அது தெரியவேண்டும் என்றும் இடித்துரைத்தது.

நம்மவர்களில் கல்லூரி நிர்வாகத்தில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். என் கடைப் பையனுக்கு வியாபாரம் இல்லாத நாளிலும் சம்பளம் உண்டு. வாத்தியாருக்கும் முதலில் நெல்லை அளந்துவிட்டுப் பிறகு கழஞ்சை எண்ணுங்கள்.