இடித்த மரத்தில் எழுந்த கட்டடம்

வான்கூவரில் நான் படிக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஆசிய ஆய்வுகளுக்கென 1996இல் கட்டி முடித்தது சி.கே. சோய் கட்டடம். அதன் பெரிய மரத்தூண்களும் உத்தரங்களும் புதியவை அல்ல. எதிரே நின்ற பழைய படைப்பயிற்சிக் கூடத்தை இடித்தபோது கழற்றி எடுத்தவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாணவர்கள் அணிவகுத்த கூடம் அது. பிறகு அங்கேயே சோதனையும் எழுதினார்கள். வெளிச்சுவர்ச் செங்கல்லும் பழையதுதான். கழிவறைகளையும் தண்ணீர் ஊற்றாமலே கழிவு உரமாகும்படி அமைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இடித்த வீட்டின் கதவுநிலையைப் புதுவீட்டுக்கு வைத்த கதையை அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. வறுமை என்று நினைத்தேன். இங்கே அந்தத் தூணைத் தொட்டபோது வெட்கமாக இருந்தது.

தவணை முடிந்ததும் நீங்கள் எறியப்போகும் கதிரையை ஒருக்கால் திரும்பிப் பாருங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.