காட்டுக்குள் இலவச இடம்... கூடவே டாய்லெட் பிரஷ்! கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட் வேலை எப்படி இருக்கும்?

பைன் மரங்களுக்கு நடுவே ஒரு வேன், வாசலில் மடக்கு நாற்காலி, கையில் காபி. 'வாடகை கிடையாது, கரன்ட் பில் கிடையாது, கோடை முழுக்க காட்டுலயே இருக்கலாம்' என்று சொல்லும் அமெரிக்க ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். அது பொய் இல்லை. அந்த வேலைக்குப் பெயர் கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட். ஆனால், கேமராவை ஆஃப் செய்த பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகள், மாநிலப் பூங்காக்களில் கூடாரம் அடித்தோ, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை நிறுத்தியோ தங்குவதற்கு எண் போட்ட இடங்கள் இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம். பெரிய பரப்பைக் கவனிக்க வேண்டிய ரேஞ்சரால் ஒரே முகாமில் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால், சீசன் முழுக்க அங்கேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அவர்தான் ஹோஸ்ட். பெரும்பாலும் நுழைவாயில் பக்கத்திலேயே அவருக்கு இடம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, அரசின் தன்னார்வலர். தேசியப் பூங்காக்களில் தன்னார்வலர்களைச் சேர்க்கும் சட்டம் 1970-லும், தேசியக் காடுகளுக்கான சட்டம் 1972-லும் வந்தன. சம்பளம் கிடையாது. வண்டி நிறுத்த இடம் இலவசம். பல இடங்களில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பும் சேர்த்தே கொடுப்பார்கள். இன்னொன்று, காட்டு முகாம்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனியார் நிறுவனங்களில் மணிக்கணக்கில் சம்பளம். அங்கே கழிப்பறை கழுவுவது கிட்டத்தட்ட நிச்சயம். குழிக் கழிப்பறைதான், ஃப்ளஷ் எல்லாம் எதிர்பார்க்காதீங்க!

காலையில் ஒரு சுற்று. யார் கிளம்பினார்கள், யார் வந்தார்கள், ரிசர்வேஷன் அட்டை சரியா என்று பார்க்க வேண்டும். காலியான இடத்தில் குப்பை பொறுக்கி, தீ வளையத்தில் சாம்பல் அள்ள வேண்டும். முந்தின ராத்திரி மூட்டிய நெருப்பு அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய் சூடு இல்லை என்று உறுதி செய்யணும். கோடையில் ஒரு காட்டுத்தீக்கு அந்த ஒரு கங்கு போதும்.

வந்தவர்கள் விறகை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்பதும் முக்கியம். 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. அது ஊர் விட்டு ஊர் பரவ விறகுக் கட்டுகளும் ஒரு வழி. யோசெமிட்டி மாதிரி கரடி உலவும் இடங்களில் சாப்பாடு மட்டுமல்ல, சோப்பு, பற்பசைகூட இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். நெடுந்தூரம் வண்டி ஓட்டிவிட்டு அசதியில் இருப்பவரிடம் இதைச் சிரித்த முகமாகச் சொல்வதுதான் இந்த வேலையில் பாதி.

ஏனென்றால், உங்களுக்கு அதிகாரம் கிடையாது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறினால் போய்ச் சொல்லலாம், இன்னொரு முறை சொல்லலாம். அபராதம் போட முடியாது. குடித்துவிட்டு ஒருவர் எகிறினால் விலகி வந்து ரேஞ்சரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து சேர நேரமாகும்.

உண்மையான சிக்கல் கடிகாரத்தில்தான். வாரம் 20 முதல் 32 மணி நேரம் கேட்கும் இடங்கள் அதிகம். ஆனால், உங்கள் வீட்டு வாசலே அலுவலகம். சாப்பிட உட்காரும்போது கதவு தட்டப்படும்: 'டாய்லெட் பேப்பர் தீர்ந்துடுச்சு.' லீவு நாளிலும் தட்டப்படும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பக்கத்து தனியார் ஆர்.வி. பார்க்கில் மாத வாடகை 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 25 மணி நேரம் உழைத்தால், நான்கு வாரத்துக்கு 100 மணி நேரம். அதாவது மணிக்கு 6 டாலர். அதுவே வாரம் 40 ஆக வழிந்தால் 3.75 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஆசைக்குச் செய்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. வேறு போக்கிடம் இல்லாதவருக்கு?

இந்த இரண்டாம் வகை மனிதர்களைத்தான் ஜெசிகா புரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' புத்தகத்தில் எழுதினார். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் வண்டியில் வாழும் வயதானவர்கள். அதில் வரும் லிண்டா மே, கலிஃபோர்னியா காட்டில் ஹோஸ்ட்டாக இருந்தவர். 2021-ல் சிறந்த படம் உட்பட மூன்று ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' படத்தில் அவர் அவராகவே நடித்திருக்கிறார். பார்க்காவிட்டால் பாருங்கள், ரீல்ஸில் வராத பாதி அதில் இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். அண்ணன் வீட்டுக்கோ, அக்கா வீட்டுக்கோ டூரிஸ்ட் விசாவில் போய் 'இப்படி ஒரு சீசன் இருந்துட்டு வரலாமே' என்று யோசிக்காதீர்கள். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. இடத்துக்குப் பதில் உழைப்பு என்பதும் வேலையாகக் கருதப்படலாம். அங்கே சட்டப்படி வேலை பார்க்க உரிமை உள்ளவர்கள், அரசின் வாலன்டியர்.கவ் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கோடை வேலைக்கு குளிர்காலத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது. 250 மணி நேரம் தன்னார்வப் பணி செய்தால், மத்திய அரசின் பூங்காக்களுக்கான ஓராண்டு பாஸ் இலவசமாகக் கிடைக்கும்.

கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேட்டுவிடுங்கள். மணி நேரக் கணக்கு தலைக்கா, ஜோடிக்கா? முழு லீவு நாளில் முகாமைவிட்டு வெளியே போகலாமா? கழிப்பறை யார் பொறுப்பு? போன் சிக்னல் இல்லையென்றால் ரேடியோ தருவார்களா? கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு, அதையும் கேளுங்கள்: வேலை நடுவில் ஒத்துவராமல் போனால், இடத்தைக் காலி செய்ய எத்தனை நாள் தருவீர்கள்?