கல்லச்சுக் கலையும் அச்சாளர் மரபும்

ஓவிய அச்சின் வரலாறு பெரும்பாலும் ஓவியர் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கல்லின் ஈரத்தையும் மையின் அளவையும் கணித்தறிந்து படியெடுத்த அச்சாளருக்கு அதில் இடம் குறைவு. இக்குறையை நீக்க முனைந்தவருள் ஓவியர் ஜூன் வெய்ன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் கல்லச்சுக் கலை அருகிவருவதைக் கண்ட அவர், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் 1960இல் லாஸ் ஏஞ்சலிசில் டாமரிண்ட் பட்டறையை நிறுவினார். புளியமரத்தின் பெயர் தாங்கிய தெருவே பட்டறைக்கும் பெயர் தந்தது. அங்கு அச்சிட்ட படிகளில் மையின்றிப் பொறிக்கப்படும் புடைப்பு முத்திரைகளுள் பட்டறைக்கு ஒன்றும் அச்சாளருக்கு ஒன்றும் உண்டு. கைவினைஞரின் உழைப்புக்கு அதுவே சான்றாயிற்று.

அங்குப் பயின்ற கென்னத் டைலர், 1966இல் சிட்னி ஃபெல்சன், ஸ்டான்லி கிரின்ஸ்டீன் ஆகியோருடன் ஜெமினி என்னும் பட்டறையையும் பதிப்பகத்தையும் தொடங்கினார். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் தனிப்பட்டறை நடத்தினார். அவர்தம் அச்சுப்பொறிகள் கடல் கடந்து சிங்கப்பூர் வந்தன. 2002இல் ராபர்ட்சன் கீ பகுதியில், பழைய கிடங்கொன்றில், அவர் பெயர் தாங்கிய அச்சு நிலையம் பட்டறையும் காட்சிக்கூடமுமாகத் திறக்கப்பட்டது.

எனவே, ஓவிய அச்சில் ஓவியரின் கையொப்பத்தோடு அச்சாளரின் முத்திரையையும் படித்தாலன்றி அதன் வரலாறு முழுமை பெறாது எனக் கருதுகிறோம்.