பட்டம் கொடாத செமினறியும் பட்டதாரியைக் காணாத கல்லூரியும்

கிறிஸ்தவ ஊழியத்துக்கென ஒருவருக்குக் கல்வி புகட்டிப் பட்டம் வழங்குவதாயின், அப்பட்டத்தை முடிப்பதற்கு அவர் எவற்றையெல்லாம் நிறைவேற்ற வேண்டும்? வேதாகமம் கற்றாற் போதுமா? கிரேக்கமும் எபிரேயமும் வேண்டுமா? யாரிடம் போதிக்கச் செல்கிறாரோ அவர்களுடைய மொழியும் இலக்கியமும் சமயமும் தெரிந்திருக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கிறிஸ்தவராகவே இருந்தாக வேண்டுமா?

இன்றைய இறையியற் கல்லூரிகளின் கைந்நூல்களைப் புரட்டினால் இவற்றுக்கு விடை கிடைக்கும். இத்தனை பாடங்கள், இவ்வளவு களப்பணி, இன்ன மொழி என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கேள்விகள் எழுந்தபோது அப்படியொரு கைந்நூல் இருக்கவில்லை. வங்காளத்தில் செராம்பூரிலும் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையிலும் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு நிறுவனங்கள் தோன்றின. ஒன்றுக்குப் பட்டமளிக்கும் அதிகாரம் கிடைத்தது. அது நெடுங்காலம் யாருக்கும் பட்டம் அளிக்கவில்லை. மற்றதற்கு அந்த அதிகாரம் கிடைக்கவேயில்லை. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் அங்கிருந்தே வந்தார்கள்.

செராம்பூரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய மூவரும் 1818இல் அக்கல்லூரியைத் தொடங்கினர். செராம்பூர் அப்போது டென்மார்க்கின் குடியேற்றம். ஆகவே அவர்கள் உரிமை கேட்டுச் சென்றது கொப்பன்ஹேகனுக்கு. 1827 பெப்ரவரியில் ஆறாம் பிரெடரிக் மன்னர் வழங்கிய சாசனம், டென்மார்க்கின் பல்கலைக்கழகங்களுக்கு உரிய பட்டமளிக்கும் உரிமையை இக்கல்லூரிக்கும் கொடுத்தது. சாதியோ நிறமோ நாடோ எவருடைய அனுமதிக்கும் தடையாகாது என்று கல்லூரியின் விதிகள் கூறின. அக்கால ஒக்ஸ்போர்ட்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டுக் கூற்றுகளுக்கு ஒப்பமிடாத எவரும் மாணவராகச் சேரவே முடியாது. கேரி சார்ந்திருந்த பப்டிஸ்ட் சபையினருக்கும் அந்தக் கதவு மூடியே இருந்தது. தம் சொந்த நாட்டில் தமக்கு மறுக்கப்பட்டதை அவர்கள் வங்காளத்து மாணவனுக்குத் திறந்துவைத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சாசனம் பெட்டிக்குள் உறங்கியது. 1845இல் செராம்பூர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோதும் அந்த உரிமை காப்பாற்றப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் ஹவெல்ஸ் அதிபராக வந்து கல்லூரியை மறுசீரமைத்த பின்னர், 1915இல்தான் சாசனத்தின் கீழ் முதல் இறையியற் பட்டங்கள் வழங்கப்பட்டன. எண்பத்தெட்டு ஆண்டுகள்!

இனி வட்டுக்கோட்டைக்கு வருவோம். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் தங்கள் பணியை ஆரம்பித்தனர். அவர்களுள் டானியல் பூவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தவர். டார்ட்மத் கல்லூரியில் பட்டமும் அண்டோவரில் இறையியலும் கற்றவர். 1823இல் அவர்கள் வெளியிட்ட திட்டம் தமிழ் இளைஞருக்கான ஒரு கல்லூரியைப் பற்றியது. அதில் ஆங்கிலமும் ஐரோப்பிய விஞ்ஞானமும் இருந்தன. அவற்றோடு தமிழ் இலக்கியமும் சமஸ்கிருதமும் இருந்தன. உயர்கல்வி பெறும் தமிழன் தன் மொழியையும் கற்றுத் தேற வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே அவர்கள் கருதினர். இலங்கையில் தாய்மொழிக் கல்விக்கான இயக்கம் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இது நடந்தது.

ஆங்கிலேய ஆட்சியாளருக்கு அமெரிக்கர் மீது அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. மேலும் அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருவதை 1820இலேயே பதில் தேசாதிபதி எட்வர்ட் பாண்ஸ் தடுத்திருந்தார். அச்சு இயந்திரத்தை இயக்க வந்தவரைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி என்ற தகுதி கிட்டாத நிலையில், வட்டுக்கோட்டை நிறுவனம் ‘செமினறி’ என்ற பெயரோடு நின்றது.

அங்கே ஒரு மாணவன் எதை முடிக்க வேண்டியிருந்தது? முதலில் மிஷன் பாடசாலையில் படித்துத் தேறி, தெரிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதன்பின் பல ஆண்டுகள் விடுதி வாசம். ஆங்கில இலக்கணம், தமிழ் இலக்கணம், எண்கணிதம், அட்சரகணிதம், யூக்ளிட்டின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், இயற்கைத் தத்துவம், வானசாஸ்திரம், தருக்கம், வேதாகமம், கிறிஸ்தவ சமயத்துக்கான சான்றுகள், திருச்சபை வரலாறு என்று பாடவிதானம் நீண்டது. பகிரங்கப் பரீட்சைகள் நடந்தன. அமெரிக்காவில் ஒருவர் மாணவனின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை மாணவன் தாங்க வேண்டும். அதனாற்றான் நமது இலக்கிய வரலாற்றில் கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற வினோதமான பெயர்க்கூட்டுகளைக் காண்கிறோம்.

மாணவர் தரப்பிலும் நிபந்தனைகள் இருந்தன. மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை வேளாளப் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று பெற்றோர் பிடிவாதமாக நிற்கவே, ஆரம்ப காலத்தில் விடுதிச் சமையலை அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செராம்பூர் விதிகளை எழுதியோருக்கு இது எப்படித் தோன்றியிருக்குமோ தெரியாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கல்வியை வாங்க வந்தபோதும் விலை பேசியே வாங்கின.

வானசாஸ்திரத்துக்கு அப்பாடவிதானத்தில் தனியிடம் இருந்தது. பூவர் அதை ஒரு போதனைக் கருவியாகவே கருதினார். பஞ்சாங்கத்தின் பிழையைக் காட்டினால் புராணத்தின் மீதுள்ள நம்பிக்கை தளரும் என்பது அவர் கணக்கு. 1829இல் ஏற்பட்ட சந்திர கிரகணத்தின்போது, அப்பகுதியின் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பில் வேறுபாடு இருப்பதாக முன்கூட்டியே அறிவித்து, மாணவர்களையும் ஊரவரையும் வைத்துக்கொண்டு அதனை நிரூபித்துக் காட்டினார். பிள்ளைகள் கணிதத்தில் வெறிகொண்டு இறங்கினார்கள். ஆனால் கிரகணக் கணிப்புப் பிழைத்ததற்காகக் கோயிலை விட்டுவிட வேண்டும் என்று ஊரவர் நினைக்கவில்லை. கணக்கு வேறு, கடவுள் வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பூவருக்குப் பின் 1836 முதல் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்காவில் வெளியாயின. சைவ சித்தாந்தத்தை மறுக்க வேண்டுமாயின் அதை மூலநூலிலிருந்தே கற்க வேண்டும் என்ற நேர்மை அவரிடம் இருந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் தமது 1850ஆம் ஆண்டு நூலில், இச்செமினறியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடக்கூடியது எனப் பாராட்டினார்.

ஆனால் பொஸ்டன் நகரிலிருந்த தலைமைச் சபைக்கு வேறொரு கணக்கு இருந்தது. படித்து வெளியேறியவர்களுள் எத்தனை பேர் போதகரானார்கள்? கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் நில அளவைப் பகுதியிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் ஏராளம். தென்னிந்தியாவுக்குச் சென்றவர்களும் பலர். ஞானஸ்நானம் பெற்றவர்களிலும் சிலர் செமினறியை விட்டபின் மீண்டும் திருநீறு பூசிக்கொண்டார்கள். சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்துச் சொன்ன முடிவு எளிமையானது: ஆங்கிலம் கற்றவன் கிராமத்தில் சொற்பச் சம்பளத்துக்குப் போதகனாக இருக்க மாட்டான், ஆகவே போதகனைத் தாய்மொழியிலேயே பயிற்றுவியுங்கள். அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. டானியல் பூவர் அதைக் காணவில்லை. சில மாதங்களுக்கு முன்னர்தான் மானிப்பாயில் கொலரா நோய்க்குப் பலியாகியிருந்தார்.

அண்டர்சனை வில்லனாக்கி எழுதுவது யாழ்ப்பாணத்தவருக்கு வழக்கம். என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அவர் கண்ட உண்மை உண்மையே. போதகருக்கான பயிற்சி என்ற பெயரில் சேகரித்த பணத்தில் அரசாங்க எழுதுவினைஞர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள் என்றால், பணம் கொடுத்தவர் கேள்வி கேட்கத்தான் செய்வார். அவர் காணத் தவறியது வேறு. அந்தப் பாடவிதானம் முப்பது ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் புலமை மரபையே தோற்றுவித்திருந்தது. நெவின்ஸ் 1850இல் நியாய இலக்கணம் எழுதினார். கறல் விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதினார். தமிழில் விஞ்ஞானத்தை எழுதக்கூடியவர்களை உருவாக்கிய இடத்தை, தமிழில் கற்பிக்க வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லியே மூடினார்கள்.

மூடிய இரண்டாண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி.ஏ. பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்த இருவர் செமினறியின் ஆசிரியராயிருந்த விசுவநாதபிள்ளையும், அங்கு கற்றுத் தேறிய சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை அப்போது பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பிற் சென்னை சென்று ‘தினவர்த்தமானி’ பத்திரிகையில் பணியாற்றியவர் என்பதில் நம் தொழிலைச் சேர்ந்தோருக்குச் சற்றுப் பெருமை உண்டு. பட்டம் கொடுக்க உரிமையற்ற ஒரு நிறுவனத்தின் பாடநெறியை முடித்திருந்தமையே அவர்களுக்குப் போதுமான ஆயத்தமாயிற்று.

இருவரும் சைவராகவே பின்னர் வாழ்ந்தனர். தாமோதரம்பிள்ளை ஏட்டுச் சுவடிகளைத் தேடி வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றினார். பாடங்களை ஒப்பிட்டு ஆராயும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஆய்வாளர் இன்னும் விரிவாக எழுத வேண்டிய விடயம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிஷன் அவருக்கு வைத்த கிங்ஸ்பரி என்ற பெயரை அவர் கைவிட்டார். அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார்.

செராம்பூரின் பழைய சாசனம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. இந்திய உபகண்டத்தின் பல இறையியற் கல்லூரிகள் அதன் கீழேயே பட்டம் பெற்றுக்கொடுக்கின்றன. சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களைப் பயிற்றுவிக்க 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரியும் செராம்பூரோடு இணைந்தது. அங்கே போதகராக விரும்பும் மாணவர் பௌத்தத்தையும் இந்து சமயத்தையும் பற்றிக் கற்கின்றனர். ஹொய்சிங்டன் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

வட்டுக்கோட்டையில், பழைய மாணவரும் ஊரவரும் விடாது கேட்டதன் பயனாக, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அது கல்கத்தா, சென்னை, இலண்டன் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வாசலிலும் நின்று மாணவரைப் பரீட்சைக்கு அனுப்பியது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டபோது அக்கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவை அரசாங்கம் பொறுப்பேற்றது. வளாகத்தின் விஞ்ஞான பீட வகுப்புகள் முதலில் நடைபெற்றது அங்கேதான்.